ஐ.வி.எஃப். பலமுறை தோற்ற பிறகு: எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் முறை

ஐ.வி.எஃப். என்பது முட்டையையும் விந்தணுவையும் வெளியே சேர்த்துக் கருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை. அதில் பீட்டா (கரு ஒட்டியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ் என்று போன் வந்த வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். "இனி ஜென்மத்துக்கும் வேண்டாம்" என்பதும் சரி, "அடுத்த மாசமே ஆரம்பிச்சிடலாம்" என்பதும் சரி, அந்த வாரத்தில் சொன்னது பெரும்பாலும் நிலைப்பதில்லை. இரண்டு மாதவிடாய் கடந்து போகட்டும். வயது நாற்பதைத் தாண்டியவர்கள்கூட இந்த இரண்டு மாதத்தால் பெரிதாக எதையும் இழந்துவிடுவதில்லை. ஆனால் சும்மா இருக்கும் காலமல்ல இது.

முதலில் ஃபைல்

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஒவ்வொரு சைக்கிளுக்குமான (ஊசி போட்டு, முட்டை எடுத்து, கரு வைக்கும் ஒரு சுற்று) எம்பிரியாலஜி ஷீட், அதாவது ஆய்வகத்தில் முட்டையும் கருவும் என்ன ஆயின என்ற பதிவு, வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளில் உள்ளது. "சிஸ்டத்துல இருக்கு, டாக்டர் வந்ததும் பாத்துக்கலாம்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

கையில் வந்ததும் ஒரு நீளத் தாளில் சைக்கிளுக்கு ஒரு வரியாக எழுதுங்கள்: ஊசி எத்தனை யூனிட், எத்தனை நாள், எடுத்த முட்டை, அதில் முதிர்ந்தது, கருவுற்றது, மூன்றாம் நாளில் மிஞ்சியது, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (நன்கு வளர்ந்த கரு) ஆனது, அதன் கிரேடு (தர மதிப்பு), டிரான்ஸ்ஃபர் (கருவைக் கர்ப்பப்பையில் வைப்பது) அன்று கர்ப்பப்பை உள்சுவரின் தடிமன்.

எண்கள் எந்த இடத்தில் சரிகின்றன என்பதுதான் நீங்கள் தேடுவது. முதிர்ந்த முட்டை பத்து இருந்தால் சுமார் ஏழு கருவுறும். அதில் பாதியோ அதற்குக் குறைவோதான் ஐந்தாம் நாளைத் தொடும். இது சாதாரணம். நாளுக்கு 300 யூனிட் போட்டும் ஒவ்வொரு முறையும் மூன்று முட்டைக்கு மேல் வரவில்லை என்றால், குறை சினைப்பையின் முட்டை இருப்பில். ஊசியை 450 ஆக்குவதால் பில்தான் கூடும், முட்டை பெரும்பாலும் கூடாது. முட்டை நன்றாக வந்து, கருவுற்று, மூன்றாம் நாளுக்குப் பிறகு எல்லாம் நின்றுபோகிறதென்றால், முட்டையின் தரத்தோடு விந்தணுவின் டி.என்.ஏ. சிதைவையும் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு ஐந்து சைக்கிள் நடந்திருக்கும், கணவருக்கு ஒரே ஒரு செமன் அனாலிசிஸ் (விந்துப் பரிசோதனை) நடந்திருக்கும். இது நம் ஊரில் மிகச் சாதாரணம்.

நல்ல பிளாஸ்டோசிஸ்ட் வைத்தும் ஒட்டவில்லை என்றால் வயதைப் பாருங்கள். குரோமோசோம் கோளாறுள்ள கருக்கள் 35 வயதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். 40இல் பாதிக்கு மேல். 44இல் ஐந்தில் நான்குக்கும் மேல். மைக்ரோஸ்கோப்பில் ‘4ஏஏ’ என்ற உயர்ந்த கிரேடோடு அழகாகத் தெரியும் கருவுக்கும் இது பொருந்தும். ஆகவே 31 வயதில் மூன்று டிரான்ஸ்ஃபர் தோற்பதும் 42 வயதில் மூன்று தோற்பதும் ஒன்றல்ல. முன்னதில் காரணம் தேட வேண்டும். பின்னதில் காரணம் அனேகமாக வயதேதான். கர்ப்பப்பையைக் குறை சொல்லிப் பயனில்லை. குரோமோசோம் சோதித்து நார்மல் என்று உறுதியான கருக்களை வைத்த 4,000க்கும் மேற்பட்ட பெண்களின் தரவு 2021இல் வெளியானது. கர்ப்பப்பை இயல்பாக இருந்த அவர்களில் மூன்று டிரான்ஸ்ஃபருக்குள் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குக் குழந்தை பிறக்கும் என்று அதில் கணக்கிட்டார்கள். கர்ப்பப்பையே ஏற்க மறுப்பது அவ்வளவு அரிது.

விட்டுப்போன சோதனைகள்

நிறுத்துவதற்கு முன் இவை நடந்தனவா என்று பாருங்கள்: ஹிஸ்டெரோஸ்கோபி (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), இருவருக்கும் கேரியோடைப் (குரோமோசோம் சோதனை), கருச்சிதைவு ஆகியிருந்தால் ஆன்டிஃபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (ரத்தத்தை உறையவைத்துக் கருவைப் பாதிக்கும் எதிர்ப்பொருள்). எல்லாவற்றுக்கும் மேலாக, கருக்குழாயில் நீர் கோத்திருக்கிறதா என்பது. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்து, வைக்கும் கருவைக் கெடுக்கும். குழாயை எடுத்துவிட்டோ கட்டிவிட்டோ கருவை வைத்தால் வாய்ப்பு நிஜமாகவே கூடுகிறது. இதைக் கவனிக்காமல் மூன்று சைக்கிள் போயிருந்தால், அவற்றைத் தோல்விக் கணக்கில் முழுதாகச் சேர்க்கக்கூடாது.

இவையெல்லாம் முடிந்து நார்மல் என்றால், "இந்தத் தடவை புதுசா ஒண்ணு சேர்க்கிறோம்" என்பதற்காக மட்டும் இன்னொரு சைக்கிள் போகாதீர்கள். உள்சுவரைக் கீறிவிடும் ஸ்கிராச்சிங், 2019இல் வெளியான பெரிய சோதனையில் பலன் தரவில்லை. டிரான்ஸ்ஃபர் நேரம் கணிக்கும் ஈ.ஆர்.ஏ.வும் 2022இல் அப்படியே. நரம்பில் ஏற்றும் கொழுப்புக் கரைசலான இன்ட்ராலிப்பிட் சொட்டுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

எத்தனை முறை?

பிரிட்டனில் 1,56,947 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வந்தது. முதல் சைக்கிளில் குழந்தை பிறந்தது 29.5 சதவீதம், நான்காவது சைக்கிள் வரை ஒவ்வொன்றிலும் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தது, ஆறு வரை மொத்த வாய்ப்பு ஏறிக்கொண்டே போனது. "மூணோட நிறுத்திடணும்" என்பது வேதவாக்கல்ல. ஆனால் அந்த ஏற்றம் பெரும்பாலும் நாற்பதுக்குக் கீழே, சொந்த முட்டை ஓரளவு வருபவர்களுக்குத்தான். அதே நாட்டின் மருத்துவ வழிகாட்டி, நாற்பதுக்குள் மூன்று முழு சைக்கிளும் 40 முதல் 42 வரை ஒன்றும் பரிந்துரைக்கிறது. முழு சைக்கிள் என்றால் ஒருமுறை முட்டை எடுத்து, அதில் உருவான எல்லாக் கருவையும் வைத்து முடிப்பது. நாம் டிரான்ஸ்ஃபரையெல்லாம் சைக்கிளாக எண்ணி "ஏழு ஐ.வி.எஃப். ஆயிடுச்சு" என்கிறோம், உண்மையில் முட்டை எடுத்தது இரண்டே முறையாக இருக்கலாம்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் கேட்க வேண்டியது இவ்வளவுதான். எங்கள் எண்களை வைத்துப் பார்த்தால், அடுத்த சைக்கிளில் குழந்தை வீட்டுக்கு வர வாய்ப்பு எத்தனை சதவீதம்? பீட்டா பாசிட்டிவ் சதவீதம் வேண்டாம். உயிரோடு பிறக்கும் சதவீதம். போன முறையிலிருந்து எதை மாற்றுவீர்கள், ஏன்? இந்த வயதில், இந்த ஏ.எம்.எச். (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) அளவில் உங்கள் சென்டரில் கடந்த ஆண்டு சொந்த முட்டையில் பிறந்த குழந்தைகள் எத்தனை? எண் வராமல் "நம்பிக்கையா இருங்க" மட்டும் வந்தால், ஃபைலை எடுத்துக்கொண்டு தொடர்பில்லாத வேறொரு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். சொந்த முட்டையில் ஐந்து சதவீதத்துக்குக் கீழே என்று இருவரும் சொன்னால், மருத்துவக் கணக்கு முடிந்தது.

எல்லையைத் தொடங்கும் முன்பே எழுதுங்கள்

இன்னும் ஒருமுறை போவதாக இருந்தால், ஊசி ஆரம்பிக்கும் முன் கணவனும் மனைவியும் தனித்தனியாக உட்கார்ந்து மூன்று வரி எழுதுங்கள்: எந்தத் தேதி வரை, எந்தத் தொகை வரை, உடம்பில் எது நடந்தால் உடனே நிறுத்துவோம். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். வேறுபாடு இருந்தால், ஊசி குத்திக்கொள்பவரின் எல்லைதான் செல்லும். தொகையில் ஊசி, கருவை உறையவைக்கும் ஃப்ரீசிங், பயணம், சம்பளம் போன விடுப்பு எல்லாம் சேர வேண்டும். நகையை அடகு வைத்தோ தனிநபர் கடன் வாங்கியோதான் முடியும் என்றால் அதையே எல்லையாக வையுங்கள்.

எதை நிறுத்துகிறோம் என்பதையும் பிரித்துப் பாருங்கள். சொந்த முட்டையை மட்டும் நிறுத்துவதென்றால் டோனர் முட்டை இருக்கிறது. அதில் தானம் தருபவரின் வயதுதான் பேசும். கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்பம் பற்றிய 2021ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரைதான் அனுமதி.

தத்தெடுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அங்கே வேறொரு கடிகாரம் ஓடுகிறது. மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வில் பதிவு செய்யும் நாளில் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85க்குள் இருந்தால்தான் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, 90க்குள் என்றால் நான்கு வயது வரை, 100க்குள் என்றால் எட்டு வயது வரை. அவர் 45, நீங்கள் 41 என்றால் கைக்குழந்தைக்கான வாசல் ஏற்கெனவே மூடிவிட்டது. சிறு குழந்தைக்குக் காத்திருப்பு வருடக் கணக்கில் இருப்பதால், "இன்னும் ரெண்டு சைக்கிள் பாத்துட்டு" என்பதற்கு இங்கே விலை உண்டு. "ஆஸ்பத்திரியிலேயே குழந்தை வாங்கித் தருகிறோம்" என்று வரும் ஆட்களிடம் போகாதீர்கள். அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நிறுத்திய பிறகு

கருவைத் தாங்குவதற்காகத் தரும் ஹார்மோனான புரோஜெஸ்டிரானை நீங்களாக நிறுத்தாதீர்கள். பீட்டா குறைவான பாசிட்டிவாக வந்திருந்தால், கரு குழாயில் தங்கவில்லை என்று உறுதியாகும் வரை ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். உறைந்த கரு மீதி இருந்தால் முடிவை எழுத்தில் கொடுங்கள்; இல்லையென்றால் வருடாவருடம் கட்டண நினைவூட்டல் வந்து புண்ணைக் கிளறும். சட்டம் அனுமதிக்கும் சேமிப்புக் காலம் பத்து ஆண்டு.

உறவினர்களிடம் அவரவர் பக்கத்தாரிடம் அவரவரே சொல்வது நல்லது. "ட்ரீட்மென்ட்டை முடிச்சுக்கிட்டோம்மா. இனிமே அவகிட்ட விசேஷமான்னு கேக்காதீங்க" என்று மகன் தன் அம்மாவிடம் சொன்னால் வேலை முடியும், மருமகள் சொன்னால் அது தகராறாகும். காரணம் விளக்க ஆரம்பித்தால் புதிய டாக்டர் பெயர் ஒன்று வரும்.

குழந்தைக்கான சிகிச்சை முடிந்ததால் மகப்பேறு மருத்துவரிடம் போவதை விட்டுவிடாதீர்கள். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாதவிடாய் வர வேண்டும். வராவிட்டால் உள்சுவர் தடித்துப் பின்னாளில் ஆபத்தாகலாம். நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நிற்கத் தொடங்கினால் எலும்புக்காக ஹார்மோன் மாத்திரை தேவைப்படும். குழாய்கள் திறந்திருந்தால் எதிர்பாராமல் கரு தங்கவும் கூடும். அது வேண்டுமா வேண்டாமா என்பதையும் இருவரும் பேசி, வேண்டாமென்றால் கருத்தடை பற்றி அதே மருத்துவரிடம் கேளுங்கள்.