கொரிய மொழியில் கட்டட உயரத்தைச் சொல்லப் பழகலாம்

சியோல் நகரின் ஜாம்ஷில் பகுதியில் லோட்டே வேர்ல்டு டவர் நிற்கிறது. 2017 ஏப்ரலில் திறந்தார்கள். உயரம் 555 மீட்டர், 123 தளங்கள். இந்த இரண்டு எண்களையும் ஒரு கொரியர் சொல்வதுபோல நீங்களும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் இந்தப் பாடம். கொரிய எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

படி 1: எந்த எண் வரிசை?

கொரிய மொழியில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. ஒன்று அந்த மண்ணுக்கே உரியது: ஹானா, துல், செத், நெத், தாசொத். இன்னொன்று சீனத்திலிருந்து வந்தது: இல், இ, சாம், சா, ஓ, யுக், சில், பால், கு, ஷிப். பொருள்கள், ஆட்கள், வயது, மணி ஆகியவற்றுக்கு முதல் வரிசை. மீட்டர், மாடி, பணம், தேதி, நிமிடம் ஆகியவற்றுக்கு இரண்டாவது. மூன்றரை மணி என்பதை 'செ ஷி சாம்ஷிப் புன்' என்பார்கள். மணிக்கு ஒரு வரிசை, நிமிடத்துக்கு இன்னொரு வரிசை, இரண்டும் ஒரே மூச்சில்! புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் அவசரப்படாதீர்கள். கட்டடங்களுக்கு நமக்கு இரண்டாவது வரிசை மட்டும் போதும், அதை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.

படி 2: எண்ணை அடுக்குங்கள்

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். ஐந்து-நூறு, ஐந்து-பத்து, ஐந்து என்று நாம் அடுக்கும் அதே ஒழுங்குதான். நூறு என்றால் பேக், பத்து என்றால் ஷிப். ஆக 555 மீட்டர் என்பது 'ஓபேக் ஓஷிப்ஓ மித்தொ'. நூற்றுக்கு முன்னால் 'ஒரு' சேர்க்க வேண்டாம். வெறும் 'பேக்' போதும். 123 என்பது 'பேக் இஷிப்சாம்'.

ஆயிரத்துக்கு மேலேதான் கவனம் தேவை. நமக்கு லட்சம், கோடி. அவர்களுக்குப் பத்தாயிரம் ஓர் அலகு, அதன் பெயர் 'மான்'. பத்தாயிரம் மான் சேர்ந்தால் ஓர் 'ஒக்', அதாவது நம் பத்துக் கோடி. வீட்டு விலையை ஒக் கணக்கில்தான் பேசுவார்கள். '10 ஒக்' என்று காதில் விழுந்தால் 100 கோடி வொன் (கொரிய நாணயம்) என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: மாடி

மாடிக்கு 'ச்சுங்' என்று சொல்லுங்கள். தெருவிலிருந்து உள்ளே நுழையும் தளமே இல்ச்சுங், முதல் தளம். நம் ஊரில் முதல் மாடி என்பது அங்கே இச்சுங். 'பேக் இஷிப்சாம் ச்சுங்' என்னும்போது தரைத்தளமும் அதில் அடக்கம். சில கட்டடங்களின் லிஃப்டில் 4 என்ற பொத்தானுக்குப் பதில் எஃப் என்ற எழுத்து இருக்கும். நான்கைக் குறிக்கும் 'சா'வும் மரணத்தைக் குறிக்கும் 'சா'வும் ஒரே ஒலி என்பதால் தவிர்க்கிறார்கள்.

சியோலின் யொயிதோ பகுதியில் 1985இல் கட்டி முடித்த 63 பில்டிங் இங்கே நல்ல உதாரணம். உயரம் 249 மீட்டர். பெயரில் 63 இருந்தாலும் தரைக்கு மேலே 60 தளங்கள்தான், மீதி மூன்று நிலத்துக்குக் கீழே. இன்னொன்றையும் கவனியுங்கள்: யாரும் 'யுக்ஷிப்சாம் பில்டிங்' என்பதில்லை, தொலைபேசி எண்போல 'யுக்சாம் பில்டிங்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்கிறார்கள். பெயராகிவிட்ட எண்ணுக்கு அந்தச் சலுகை உண்டு. உயரத்துக்குக் கிடையாது.

படி 4: பரப்பளவு

உயரத்துக்கு மீட்டர் நிலைத்துவிட்டது. பரப்பளவில் மட்டும் பழைய 'ப்யொங்' இன்னும் மக்கள் வாயில் இருக்கிறது. ஒரு ப்யொங் ஏறத்தாழ 3.3 சதுர மீட்டர். 2007 ஜூலை முதல் வணிகத்தில் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று அரசு கண்டிப்பு காட்டியது. விளம்பரங்கள் '3.3 சதுர மீட்டருக்கு இவ்வளவு' என்று எழுதத் தொடங்கின, அதாவது ப்யொங் வேறு உடையில் வந்தது! எனக்கு இதில் மக்களின் பிடிவாதம் மிகவும் பிடிக்கும். கைக்கணக்கு வேண்டுமானால் சதுர மீட்டரை 0.3025ஆல் பெருக்குங்கள்: 84 சதுர மீட்டர் வீடு சுமார் 25 ப்யொங். ஆனால் படிக்கட்டு, நடைவழிப் பங்கையும் சேர்த்து அதே வீட்டை 33, 34 ப்யொங் என்று பேசுவார்கள். வாடகைக்குப் பார்க்கும்போது எந்த அளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ப்யொங் போலவே 'குன்' என்ற பழைய எடை அலகும் இன்னும் இருக்கிறது. கறிக்கடையில் 'ஹான் குன்', அதாவது ஒரு குன், என்றால் 600 கிராம். இங்கே ஹானா 'ஹான்' ஆகிவிட்டதைப் பாருங்கள். அலகுக்கு முன்னால் முதல் நான்கு எண்கள் ஹான், து, செ, நெ என்று குறுகும்.

படி 5: சொல்லிப் பாருங்கள்

சரி, இப்போது உங்கள் முறை. பூசான் நகரின் ஹேஉந்தே கடற்கரையில் எல்சிடி என்ற கட்டடத் தொகுதி இருக்கிறது. அதன் உயரமான கோபுரம் 411.6 மீட்டர், 101 தளங்கள். தசமப் புள்ளிக்கு 'ஜொம்'. கீழே பார்க்காமல் சொல்லிவிட்டு அப்புறம் சரிபாருங்கள்.

சாபேக் ஷிபில் ஜொம் யுக் மித்தொ. பேகில் ச்சுங்.

'ஷிப் இல்' வேகமாகச் சொன்னால் 'ஷிபில்', 'பேக் இல்' என்பது 'பேகில்'. அப்படி ஒட்டி வந்தால் சரியாகவே சொல்கிறீர்கள்.