ஃப்ரீலான்சர்கள் சேர்ந்து வேலை எடுக்கிறீர்களா? பில் யார் பெயரில்?

டிசைனர், போட்டோகிராஃபர், எழுத்தாளர் என மூன்று பேர் சேர்ந்தால் பெயரும் லோகோவும் ஒரே வாரத்தில் தயாராகிவிடும். சிக்கல் முதல் பில்லில்தான் ஆரம்பிக்கும். அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: பில் போடுபவரை முடிவு செய்யுங்கள்

வழக்கமாக ஒருவர் கணக்கில் பணம் வரும், அவர் மற்றவர்களுக்கு ஜிபேயில் பிரித்து அனுப்புவார். ஒரு லட்ச ரூபாய் வேலை என்றால், கம்பெனி பெரும்பாலும் 10% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு 90,000 அனுப்பும். பிடித்த 10,000 பில் போட்டவரின் பான் எண்ணில்தான் ஏறும். முழு லட்சமும் அவருடைய வரவாகவே தெரியும். மற்ற இருவரும் தங்கள் பங்குக்கு அவருக்கு பில் கொடுத்தால்தான் அவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். தமிழ்நாட்டில் சேவைகளுக்கான 20 லட்ச ரூபாய் ஜிஎஸ்டி பதிவு வரம்பும் அவருடைய மொத்த பில் தொகையை வைத்தே கணக்காகும். பிடித்த டிடிஎஸ் பின்னால் ரீஃபண்டாக வந்தால் அது யாருக்கு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

படி 2: எழுதி வையுங்கள்

"ஃப்ரெண்ட்ஸ்தானே, பத்திரம் எதுக்கு?" என்று ஒருவராவது கேட்பார். லாபத்தைப் பங்கிட்டுத் தொழில் செய்தால், பத்திரமே இல்லாவிட்டாலும் 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் உங்களைக் கூட்டாளிகளாகப் பார்க்கலாம். அப்போது ராத்திரி பகலாக உழைத்தவருக்கும் எட்டிப் பார்த்தவருக்கும் லாபம் சரிசமம். ஒருவர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்றவர்களின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. ஆகவே, வேலை பிடித்து வந்தவருக்கு எவ்வளவு, பாதியில் விலகுபவருக்கு என்ன, அட்வான்ஸைத் திருப்ப நேர்ந்தால் யார் தருவது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 3: பதிவு

கூட்டாண்மையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவில்லாத கூட்டாண்மை, காசு தராத கிளையன்ட் மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. எல்எல்பி, அதாவது கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மை, சொந்தச் சொத்தைக் காக்கும். ஆனால் வருமானமே இல்லாத ஆண்டிலும் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். முதல் வருஷமே அது வேண்டாம் என்பேன்.

படி 4: காப்புரிமை (காப்பிரைட்)

எழுதிய கட்டுரை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எழுதிய ஃப்ரீலான்சருக்கே சொந்தம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம் அப்படியல்ல. அது எடுக்கச் சொன்னவருக்குப் போய்விடும். உரிமையை மாற்றித் தந்தால் எழுத்தில் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும்.

படி 5: உத்யம்

பில் போடுபவர், சிறு தொழில்களைப் பதியும் அரசுத் தளமான உத்யமில் பதிந்துகொள்ளட்டும். பிறகு எடுக்கும் வேலைகளுக்கு, பணம் தர ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தாலும் கம்பெனி 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது; குறிக்காவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. பதிவு இலவசம்; காசு கேட்கும் தளம் அரசுடையது அல்ல.