வளவிலிருந்து வாவி வரை: சின்னப் பிள்ளைகளுக்கு விலங்குகளை அறிமுகப்படுத்துவது எப்படி?

சுவரில் தொங்கும் விலங்குப் படங்களில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும்தான் முன்னுக்கு நிற்கின்றன. மட்டக்களப்பில் வளரும் பிள்ளைக்கோ மாடு, கோழி, நண்டு, பல்லி எல்லாம் கிட்டவே இருக்கின்றன. நாலைந்து வயதில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெயரையும் பிரிவையும் ஆறுதலாகச் சொல்லலாம். முதலில் கண் பழகட்டும்.

படி 1: கால்களை எண்ணுதல்

கோழிக்கு இரண்டு, ஆட்டுக்கு நான்கு, எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. வாவிக்கரை நண்டுக்குக் கொடுக்கு இரண்டையும் சேர்த்தால் பத்து. மீனுக்கும் பாம்புக்கும் ஒன்றுமில்லை. சிலந்தி பூச்சியினம் இல்லை என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. "அம்மா, இதுக்கு ரெண்டு கால் கூட!" என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

படி 2: உடம்பை எது மூடியிருக்கிறது?

மயிரா, இறகா, செதிலா, ஈரத்தோலா, ஓடா என்று கேளுங்கள். கோழியின் காலையும் பார்க்கச் சொல்லுங்கள்: மேலே இறகு, கீழே செதில்.

படி 3: ஒரு விலங்கை நின்று நிதானமாகப் பார்த்தல்

இதற்கு மாட்டை விட நல்ல ஆசிரியர் இல்லை. மேய்ச்சல் முடிந்து படுத்திருக்கும் நேரம் பார்த்து, மாட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். வாயைப் பார்க்காமல் கழுத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். மென்றதை விழுங்கியதும் தாடை சற்று நிற்கும். பிறகு ஓர் உருண்டை கழுத்து வழியே மேலேறி வாய்க்கு வரும். மறுபடி அசைபோடத் தொடங்கும். மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். அவசரமாக விழுங்கிய புல் முதலில் உள்ளே தங்கி, ஓய்வாக இருக்கும்போது வாய்க்குத் திரும்புகிறது. மேல்தாடையின் முன்பக்கத்தில் அதற்குப் பல்லே கிடையாது, கெட்டியான முரசு மட்டும்தான். நாக்கால் புல்லை வளைத்துப் பிடித்துத்தான் பிடுங்குகிறது. எருமையும் இப்படித்தான். வீட்டில் தயிர்ச்சட்டி திறக்கும்போது இதை நினைவுபடுத்துங்கள், பிள்ளை மறக்காது.

படி 4: பிரிவுகள்

குட்டிக்குப் பால் கொடுப்பவை முலையூட்டிகள். இறகுள்ளவை பறவைகள். முதலை, பல்லி, ஆமை ஊர்வன. குஞ்சாக இருக்கும்போது வாலோடு நீரில் நீந்தி, வளர்ந்ததும் கரையேறும் தவளை ஈரூடகவாழி. செவுளால் மூச்சு விடுபவை மீன்கள். இவை ஐந்துக்கும் முள்ளந்தண்டு உண்டு. நண்டு, இறால், பூச்சிகளுக்கு இல்லை. இவ்வளவு போதும்.

வெளவால் எதில் சேரும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பறவை என்றுதான் பதில் வரும். இறகு இருக்கிறதா, குட்டிக்குப் பால் கொடுக்கிறதா என்று படி 2-ஐயும் பிரிவையும் சேர்த்துக் கேட்டால், பிள்ளையே முலையூட்டி என்று முடிவுக்கு வந்துவிடும்.

படி 5: தூரத்து விலங்குகள்

இப்போது யானைக்குப் போகலாம். அம்பாறை மாவட்டத்தின் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில், கல்லோயா தேசியப் பூங்காவின் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகும். தும்பிக்கையில் எலும்பே இல்லை. நம் நாட்டு யானையின் தும்பிக்கை நுனியில் விரல்போல் ஒரு நீட்சி உண்டு. ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. வயல் பக்கம் காட்டு யானை வந்தால் மட்டும் வேடிக்கை காட்டக் கூட்டிப் போகாதீர்கள்.

தொடும் முன் தெரிய வேண்டியவை

வாவியில் முதலை உண்டு. தனியாகக் கரைக்கு இறங்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். சாப்பிடும் நாயையும் குட்டி போட்ட நாயையும் தொடக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சின்னக் கடிதானே என்று விடாதீர்கள். நீர்வெறுப்பு நோயின் அறிகுறி தெரிந்த பின் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

படி 6: வரைதல்

அன்று பார்த்ததை அன்றே வரையட்டும். நிறம் எப்படியும் இருக்கலாம். சிலந்திக்கு ஆறு கால் போட்டால் அழிப்பானை எடுக்காதீர்கள். சுவர் மூலைக்குக் கூட்டிப்போய் இன்னொரு தரம் எண்ணச் சொல்லுங்கள்.