பாய் சுருட்டியில் இறுகிப்போன பாகங்கள்: கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய்மரப் படகின் முன்பாயைச் சுருட்டும் ஃபர்லர் சுற்ற மறுத்தால், சுருட்டும் கயிற்றை வின்ச்சில் (கயிறு இழுக்கும் உருளையில்) போட்டு இன்னும் பலமாக இழுப்பவர்கள் அதிகம். நடக்கும் தவறுகளிலேயே பெரியது இதுதான். எதுவும் இறுகியே இருக்காமல், மாஸ்ட் (பாய்மரம்) உச்சியில் ஹாலியார்ட் (பாயை ஏற்றும் கயிறு) போய் ஃபாயிலை (பாய் சுற்றிக்கொள்ளும் நீண்ட குழலை) சுற்றிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் வின்ச்சால் இழுத்தால் ஃபாயில் முறுக்கிக்கொள்ளும், உள்ளே ஓடும் ஃபோர்ஸ்டே (மாஸ்ட்டின் முன்பக்கக் கம்பி) இழை இழையாகப் பிரியும். ஃபோர்ஸ்டே அறுந்தால் மாஸ்டே சாயலாம். முதலில் பைனாகுலரில் மேலே பாருங்கள். ஹாலியார்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் கையால் டிரம்மை (சுருட்டும் கயிறு சுற்றியிருக்கும் அடி உருளையை) திருப்புங்கள். லேசாகச் சுற்றினால் கோளாறு மேலேதான். கீழே எதையும் கழற்ற வேண்டாம்.

டிரம்தான் இறுகியிருக்கிறது என்று உறுதியானால் அடுத்து கை போவது ஃபோர்ஸ்டேயின் அடியைப் படகோடு இணைக்கும் கிளெவிஸ் பின்னுக்கு. அதில் அவசரம் கூடாது. மாஸ்ட்டை முன்பக்கம் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கம்பிதான். பேக்ஸ்டேயை (மாஸ்ட்டைப் பின்பக்கம் பிடிக்கும் கம்பியை) தளர்த்தி, இரண்டு ஹாலியார்ட்களை முன்முனையில் உறுதியான இடத்தில் கட்டி இறுக்கிய பிறகுதான் பின்னைத் தொட வேண்டும். பின் எளிதாக வரவில்லை என்றால் அதன்மேல் இன்னும் பாரம் இருக்கிறது என்று பொருள். சுத்தியலால் அடிப்பதை விட்டுவிட்டு ஹாலியார்ட்டை இன்னும் இறுக்கிப் பாருங்கள்.

இனி ஸ்க்ரூக்கள். பெரும்பாலான ஃபர்லர்களில் டிரம்மும் ஃபாயிலும் அலுமினியம், ஸ்க்ரூக்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டுக்கும் நடுவே உப்புநீர் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அரிபடுவது அலுமினியம். அதிலிருந்து உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் ஸ்க்ரூ மரைக்குள் ஆப்பு வைத்ததுபோல இறுகிவிடுகிறது. இந்தப் பிடியைக் கை பலத்தால் வெல்லப் பார்த்தால் முதலில் போவது ஸ்க்ரூவின் தலை. தலை வழுவழுப்பாகிவிட்டால் அரை மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

தலை கெடுவதற்கு முக்கியக் காரணம் துப்புரவில்லாத குழி. அலென் கீயை நுழைக்கும் முன் உள்ளே படிந்த உப்பையும் அழுக்கையும் ஊசியால் சுரண்டி எடுங்கள். கீ அடிவரை இறங்க வேண்டும், தேய்ந்த கீ வேண்டவே வேண்டாம். பிறகு அதன்மேல் சுத்தியலால் நாலு தட்டு. அந்த அதிர்வில் அரிப்பு கொஞ்சம் விரிசல் விடும். கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் இருந்தால் இன்னும் நல்லது, அது அழுத்திக்கொண்டே திருப்பும்.

டபிள்யூடி-40 அடித்த கையோடு ஸ்பானரைப் போடுவதும் தவறுதான். பெனிட்ரேட்டிங் ஆயில் (இடுக்கில் ஊடுருவும் எண்ணெய்) என்றே விற்கும் வகையை வாங்கி, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் இன்னொரு தடவை அடிக்க வேண்டும். பொறுமைதான் இங்கே மலிவான கருவி.

சூடு நல்ல துணை, ஆனால் அதிலும் தவறுகள் உண்டு. ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். ஆகவே ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் துளை தளரும். இதற்கு ஹீட் கன் போதும். தீச்சுடர் வைத்தால் அலுமினியத்தின் வலிமை போய்விடும், அது வெளியே தெரியவும் தெரியாது. 150 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்துவது நல்லது. உள்ளே பிளாஸ்டிக் பேரிங்கோ ரப்பர் சீலோ இருந்தால் அந்தப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றுங்கள். எண்ணெய் அடித்த இடத்தில் உடனே சூடு வைத்தால் புகையும், தீயும் பிடிக்கலாம். முதலில் சூடு, கொஞ்சம் ஆறியதும் எண்ணெய். அப்போது எண்ணெய் தானே உள்ளே இழுத்துக்கொள்ளப்படும்.

ஃபாயில் இணைப்புகளில் உள்ள சிறு செட் ஸ்க்ரூக்களைச் சில தயாரிப்பாளர்கள் லாக்டைட் (மரையைப் பூட்டும் பசை) போட்டே பூட்டுகிறார்கள். சிவப்பு வகை விட்டுக்கொடுக்க ஏறக்குறைய 250 டிகிரி சூடு தேவை. அவ்வளவு சூட்டை அலுமினியத்துக்குக் கொடுக்க முடியாதே? சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூவின் தலையிலேயே சில நிமிடம் அழுத்திப் பிடித்து, சூடு ஆறுமுன் திருப்புங்கள்.

ஸ்க்ரூ அசைந்துவிட்டது என்று ஒரே மூச்சில் கழற்றுவதும் ஆபத்து. கால் சுற்று வெளியே, சற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி வெளியே. இல்லையென்றால் மரை பாதியில் பிடித்து ஸ்க்ரூ முறியும். முறிந்தாலும் எக்ஸ்ட்ராக்டரை (முறிந்த ஸ்க்ரூவைப் பிடித்து எடுக்கும் கருவியை) முறுக்கோ முறுக்கென்று முறுக்காதீர்கள். அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடவே தொடாது. அதற்குப் பதில் டிரில்லில் இடதுபக்கம் சுற்றும் கோபால்ட் பிட், குறைந்த வேகம், நல்ல அழுத்தம், வெட்டெண்ணெய் (கட்டிங் ஆயில்). வேகமாகச் சுற்றினால் ஸ்டெயின்லெஸ் இன்னும் கடினமாகும்.

பேரிங்கைத் திறக்கும்போது அடியில் துணி விரியுங்கள், குண்டுகள் உருண்டு கடலுக்குப் போகும். பல ஃபர்லர்களின் திறந்த பேரிங்குகள் நன்னீரில் கழுவினால் போதும் என்று வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் கிரீஸ் அடைத்தால் உப்பும் மணலும் ஒட்டி மறுபடி இறுகும். சீல் வைத்த பேரிங் என்றால் கணக்கு வேறு, கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவின் மரையிலும் டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக் போன்ற அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவுங்கள். லாக்டைட் போட வேண்டிய இடத்தில் மட்டும் இது வேண்டாம். லாக்டைட்டே மரையை நிரப்பி உப்புநீரைத் தடுக்கும்.