ஷெல்டன் பாலைவனத்து ஊற்றுக்குளம்: முதன்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து வடமேற்கு மூலையில், ப்ராங்ஹார்ன் மான்களுக்காக 1931-இல் ஒதுக்கிய பாலை நிலம் ஷெல்டன் தேசிய வனவிலங்குப் புகலிடம். அதற்குள் வர்ஜின் பள்ளத்தாக்கு முகாமை ஒட்டி இந்தக் குளம் இருக்கிறது. கொதிக்கும் வெந்நீர் ஊற்று என்று எண்ணிப் போகாதீர்கள். தண்ணீர் சுமார் 30 டிகிரி செல்சியஸ், உடல் சூட்டைவிடக் குறைவு. வெயில் நேரத்தில் பரம சுகம். காற்றடிக்கும் மாலையில் கரையேறினால் பல் கிட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, பகலில் போவதே நல்லது.

படி 1: பெட்ரோல். வின்னமக்கா ஊரில் டேங்கை நிரப்புங்கள். அங்கிருந்து டெனியோ ஜங்ஷன் சுமார் 160 கி.மீ., பிறகு நெடுஞ்சாலை 140-இல் மேற்கே இன்னும் 40 கி.மீ. போய்வர 400 ஆகிவிடும். நடுவில் பங்க் திறந்திருக்கும் என்று நம்பிப் புறப்பட வேண்டாம்.

படி 2: டயர். நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பியதும் சரளைப் பாதை. எரிமலைப் பாறைச் சில்லுகள் கூர்மையானவை. வேகமாகப் போனால் டயரைக் கிழிக்கும். மெதுவாக ஓட்டுங்கள். முழு அளவு ஸ்டெப்னியும் ஜாக்கியும் கையில் இருக்கட்டும். மழை பெய்தால் உள் பாதைகளின் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், அன்று உள்ளே போகாதீர்கள். செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

படி 3: தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், அதற்கு மேல் ஒரு நாளுக்கானது உபரி. இரவுக்குக் கம்பளி உடை கட்டாயம். முகாம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையிலும் குளிரும். முன்பதிவு கிடையாது, கட்டணமும் கிடையாது.

படி 4: குளத்தில் இறங்குவது. முதலில் பக்கத்துக் கல் குளியலறையில் உடம்பைக் கழுவிக்கொள்ளுங்கள். 1930-களில் சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அரசு வேலைத்திட்டத்தின் தொழிலாளர்கள் கட்டியது அது. சன்ஸ்கிரீன், எண்ணெய், சோப்பு எதுவும் குளத்துக்குள் போகக் கூடாது: அதில் சிறு மீன்கள் வாழ்கின்றன, சுற்றியுள்ள விலங்குகளுக்கும் பாலையில் கிடைப்பது இதுபோன்ற நீர்தான். தலையை முக்காதீர்கள், குதிக்காதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லீரியா ஃபோலரி என்ற அமீபா இருக்கக்கூடும். தண்ணீர் மூக்கில் ஏறினால் அது மூளையைத் தாக்கும். அரிதுதான், ஆனால் தாக்கினால் பிழைப்பவர் மிகச் சிலர். குழந்தைகளை அழைத்துப் போனால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பள்ளத்தாக்கில் ஓபல் சுரங்கங்களும் உண்டு. நெவாடாவின் மாநில ரத்தினமான கருப்பு ஓபல் இங்கே கிடைப்பதுதான். அந்த நிலங்களில் தோண்டும் உரிமை தனியாருடையது. ஒரு கல்லையும் எடுக்காதீர்கள். பணம் கட்டித் தோண்டவிடும் சுரங்கம் உண்டு, ஆசையிருந்தால் அங்கே போகலாம்.

திரும்பும்போது இருட்டுவதற்குள் நெடுஞ்சாலைப் பயணத்தை முடித்துவிடுங்கள். அந்தி நேரத்தில் மான்களும் மேய்ச்சல் மாடுகளும் சாலையில் குறுக்கிடும்.