பைபோலார் இருந்தால் இதயத்தையும் கவனிக்க வேண்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைபோலார் (மனச்சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் மனநோய்) உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வரக்கூடும். மனச்சோர்வில் முடங்கிக் கிடக்கும் நாட்கள், கெட்டுப்போன தூக்கம், புகைப்பழக்கம், சில மருந்துகளால் ஏறும் எடை எல்லாமே இதில் சேர்த்தி. ஆனால் மனநல மருத்துவர் இதயத்தைப் பார்ப்பதில்லை, இதய மருத்துவர் மனநல மாத்திரைகளைக் கேட்பதில்லை. தவறுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு முதல் ஆபத்து உப்பில் இருக்கிறது. பிரஷர் என்று தெரிந்ததும் ஒரே நாளில் உப்பை அடியோடு நிறுத்திவிடுவார்கள். உப்பு குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அதன் அளவு ஏறி வாந்தி, பேதி, கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வரை போகலாம். தயாசைடு வகை நீர் மாத்திரை, எனலாப்ரில், லோசார்டன் போன்ற பிரஷர் மருந்துகளும், மூட்டுவலிக்கு நாமாக வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபெனும் இதேபோல் லித்தியம் அளவை ஏற்றக்கூடியவை. பிரஷர் மருந்து வேண்டாம் என்பதல்ல. தொடங்கும்போது லித்தியம் அளவைப் பார்த்து டோஸைச் சரிசெய்ய வேண்டும். (அந்தப் பரிசோதனைக்கு, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் அளவு தப்பாகக் காட்டும்.)

எடை கூடுகிறதே என்று யாரிடமும் சொல்லாமல் மனநல மாத்திரையை நிறுத்துவது இன்னொரு தவறு. கோபம் நியாயம்தான், ஓலான்சபின், குவெட்டியாபின், வால்ப்ரோயேட் எடையை ஏற்றக்கூடியவையே. ஆனால் திடீரென நிறுத்தினால் மேனியா (கட்டுக்கடங்காத மிகை உற்சாக நிலை) திரும்பலாம். அப்போது தூக்கம் போகும், பிரஷர் மாத்திரையும் மறந்துபோகும். மருந்தை மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பளவு, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு நான்கையும் இந்த மருந்துகளைத் தொடங்கும் முன்பும், சுமார் 3 மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் “உனக்கு எல்லாம் மனசுதான்” என்று வீட்டில் சொல்வார்கள். சில மருத்துவர்களும் சொல்வதுண்டு. உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

புகையை விடுவது இதயத்துக்குப் பெரிய லாபம். ஓலான்சபின், க்ளோசபின் ஆகிய மனநல மருந்துகளை எடுப்பவர்கள் மட்டும் விடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிகரெட் புகை, இந்த மருந்துகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே டோஸ் அதிகமாகிவிடலாம். நிக்கோடின் பட்டை ஒட்டினாலும் இது மாறாது, காரணம் நிக்கோடின் அல்ல, புகை.