ஃப்ளட்டரில் உள்ளீட்டுப் பெட்டி: வடிகட்டுவது எங்கே, சரிபார்ப்பது எங்கே

செயலிகளை உருவாக்கும் கருவித்தொகுப்பான ஃப்ளட்டரில் படிவம் என்றால் டெக்ஸ்ட்ஃபீல்டை விட்டுவிட்டு டெக்ஸ்ட்ஃபார்ம்ஃபீல்டை எடுங்கள். எல்லாப் பெட்டிகளையும் ஒரே ஃபார்முக்குள் வைத்து அந்தப் படிவத்தை வெளியிலிருந்து அணுக ஒரு குளோபல்கீ கொடுங்கள். சேமிக்கும் பொத்தானில் வேலிடேட்டை ஒருமுறை அழைத்தால் அத்தனையும் சோதிக்கப்படும். ஒவ்வொரு பெட்டியையும் சோதிக்கும் செயல்கூறான வேலிடேட்டர், பிழை இருந்தால் செய்தியையும், இல்லையென்றால் 'மதிப்பு இல்லை' என்று பொருள்படும் நல் (null) என்பதையும் திருப்பித் தர வேண்டும். வெற்று ஸ்ட்ரிங்கைத் திருப்பினால் அதுவும் பிழைதான்: பெட்டி சிவக்கும், காரணம் தெரியாது.

பெட்டியில் அடித்த உரையை வைத்திருக்கும் கன்ட்ரோலரை, திரையை வரையும் பில்டுக்குள் உருவாக்காதீர்கள். திரை மறுபடி வரையப்படும்போது அடித்ததெல்லாம் போய்விடும். தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் இனிட்ஸ்டேட்டில் உருவாக்கி, முடிவில் ஓடும் டிஸ்போஸில் விடுவியுங்கள்.

அதிகம் சறுக்குவது வடிகட்டலில்தான். கீபோர்டுடைப்பை நம்பர் என்று வைத்தால் எண் விசைப்பலகை வரும், அவ்வளவே. எழுத்துகளை ஒட்டுவதை அது தடுக்காது. அதற்கு, உள்ளே வரும் எழுத்துகளை வடிகட்டும் இன்புட்ஃபார்மேட்டர்ஸ் வேண்டும். ஆனால் அதையும் அளவோடு போடுங்கள். தொலைபேசி எண்ணுக்கு, இலக்கங்களை மட்டும் விடும் டிஜிட்ஸ்ஒன்லியும் 10 இலக்க வரம்பும் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். இரண்டு இலக்க நாட்டுக் குறியீட்டோடு ஒருவர் எண்ணை ஒட்டுகிறார். கூட்டல் குறி நீங்கும், முதல் 10 இலக்கம் நிற்கும், கடைசி இரண்டும் வெட்டுப்படும். சரியாக 10 இலக்கம் இருப்பதால் வேலிடேட்டரும் விட்டுவிடும். சேமிக்கப்படுவது தவறான எண். வரம்பை 15 ஆக்குங்கள், நீளத்தை வேலிடேட்டரில் சோதியுங்கள்.

பெயர்ப் பெட்டியில் இன்னும் கவனம் தேவை. தமிழ் எழுத்துகளை மட்டும் அனுமதிக்க ரெக்எக்ஸில் (எந்த எழுத்துகள் பொருந்தும் என்று சொல்லும் விதியில்) 'அ-ஹ' என்று எழுதினால், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்த வரிசைக்கு வெளியே நிற்கும். 'தமிழ்' என்று அடித்தால் பெட்டியில் 'தமழ' என்று விழும். யூனிகோடின் எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்து, ரெக்எக்ஸில் யூனிகோடை ட்ரூ ஆக்குங்கள். நீளத்திலும் இதே சிக்கல்: அதே சொல்லுக்கு, ஃப்ளட்டரின் நிரல்மொழியான டார்ட்டின் லென்த் குறிகளைத் தனியே எண்ணி 5 என்று சொல்லும்; பெட்டியின் நீள வரம்பான மேக்ஸ்லென்த் 3 என்று எண்ணும். இரண்டும் ஒத்துப்போக வேலிடேட்டரில், குறியோடு சேர்ந்ததை ஒரே எழுத்தாகப் பார்க்கும் கேரக்டர்ஸ் வழியாக எண்ணுங்கள். பெயருக்கு ஃபார்மேட்டரே இல்லாமல் விடுவது இன்னும் நல்லது என்பது எங்கள் கருத்து.

பிழையை எப்போது காட்டுவது? தானாக எப்போது சோதிப்பது என்று சொல்லும் ஆட்டோவேலிடேட்மோடை ஆல்வேஸ் என்று வைத்தால் ஒன்றும் அடிக்காதவருக்கே சிவப்பு வரும். ஆன்யூசர்இன்டராக்‌ஷன் முதல் எழுத்திலேயே 'மின்னஞ்சல் தவறு' என்று சொல்லிவிடும். புதிய பதிப்புகளில் உள்ள ஆன்அன்ஃபோகஸ், பெட்டியை விட்டு நகர்ந்த பிறகே சோதிக்கும்; அதையே வையுங்கள்.

பிழைச்செய்தி வரும்போது கீழே உள்ள பெட்டிகள் குதிக்கின்றனவா? பெட்டியின் தோற்றத்தை அமைக்கும் டெக்கரேஷனில், கீழே வரும் துணை உரையான ஹெல்பர்டெக்ஸ்டுக்கு ஓர் இடைவெளி எழுத்தை (' ') கொடுங்கள். ஒரு வரிக்கான இடம் முன்பே ஒதுக்கப்பட்டுவிடும். செய்தி இரண்டு வரி போகுமென்றால் எர்ரர்மேக்ஸ்லைன்ஸை 2 ஆக்குங்கள், இல்லையேல் பாதியில் வெட்டுப்படும்.